சேமிப்பைக் காக்க ஓர் அணி

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

முன்னுரை

அரசு பொருள்களை வாங்குகிறது, பணிகளையும் வாங்குகிறது. நாற்காலி வாங்கினால் எண்ணிப் பார்க்கலாம். சாலை போட்டால் அளந்து பார்த்து அளவுப் புத்தகத்தில் எழுதலாம். ஆனால் இந்நாளில் அரசு வாங்கத் தொடங்கியிருக்கும் பொருள் ஒன்று கண்ணுக்குப் புலப்படாதது. அதுதான் மின் சேமிப்பு. செலவாகாமற் போன மின்சாரத்தை எண்ணுவது எப்படி? அளப்பது எப்படி? அதற்குப் பணம் கொடுப்பது எந்தக் கணக்கில்? நாள்தோறும் தாம்பரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் நான், எங்கள் பகுதியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறேன். இத்தகைய ஒப்பந்தங்களைப் பேணுவதற்கென்றே அரசில் ஒரு தனி அணி வேண்டும் என்பது என் கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பந்தத்தின் இயல்பு

முதலில் ஆற்றல் செயல்திறன் ஒப்பந்தம் என்றால் என்ன என்று காண்போம். ஒரு நகராட்சியில் பழைய தெருவிளக்குகள் மின்சாரத்தை விழுங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். புதிய விளக்கு வாங்க நகராட்சியிடம் பணமில்லை. அப்பொழுது எரிசக்திச் சேவை நிறுவனம் ஒன்று முன்வருகிறது. சுருக்கமாக ‘எஸ்கோ’ என்று இந்நிறுவனங்களை அழைப்பர். அது தன் பணத்திலேயே விளக்குகளை மாற்றுகிறது. மின்கட்டணம் குறைகிறது. அந்தக் குறைவில் ஒரு பங்கைச் சில ஆண்டுகளுக்கு நிறுவனம் பெற்றுக்கொள்கிறது. காலம் முடிந்தபின் முழுச் சேமிப்பும் நகராட்சிக்கே உரியது. இது பங்கீட்டு முறை. மற்றொரு முறையில், இவ்வளவு சேமிப்புக் கிட்டும் என்று நிறுவனம் உறுதி கூறும். கிட்டாவிட்டால் குறைவை அதுவே ஈடு செய்யும்.

கேட்பதற்கு எளிதாகவும் இனிதாகவும் இருக்கிறது. அரசுக்கு முதலீடு இல்லை, நிறுவனத்துக்கு வருவாய், மக்களுக்கு நல்ல வெளிச்சம். நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. மகாராட்டிரத்தின் அகோலா மாநகராட்சியில், 2000களின் பிற்பகுதியில், 11,500க்கும் மேற்பட்ட தெருவிளக்குகள் இம்முறையில் மாற்றப்பட்டன. பழைய டியூப்லைட்டுகளும் பாதரச, சோடியம் விளக்குகளும் அகற்றப்பட்டு, மெல்லிய டி-5 வகைக் குழல்விளக்குகள் பொருத்தப்பட்டன. மின்செலவு 56 விழுக்காடு குறைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 21 லட்சம் யூனிட் மிச்சமாயிற்று. போட்ட முதல் 11 மாதங்களுக்குள் திரும்பிவிட்டது. மாநகராட்சி தன் கையிலிருந்து முதலீடு செய்யவில்லை.

இதே அகோலா ஒப்பந்தத்தின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். சரிபார்க்கப்பட்ட சேமிப்பில் 95 விழுக்காடு ஆறு ஆண்டுகளுக்கு நிறுவனத்துக்குச் சேரும் என்பது அதன் விதி. முதலீடு ஓராண்டுக்குள் திரும்பிவிடும் பணியில் இப்பங்கு பொருத்தமானதா? இடர் முழுவதையும் நிறுவனமே ஏற்றது என்பது ஒரு விடை. பேரம் பேசத் தெரிந்தவர் மேசையின் இப்புறத்திலும் இருந்திருந்தால் பங்கு மாறியிருக்கலாம் என்பது மற்றொரு விடை. எது சரி என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. இக்கேள்வியைக் கையெழுத்திடுவதற்கு முன்னரே கேட்கவல்ல ஒருவர் அரசின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு சிறு கணக்கு

சேமிப்பை அளப்பதில் உள்ள சிக்கலை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவேன். பொருளியல் பயிலாத நண்பர்களும் இதனை எளிதில் பின்தொடரலாம்.

ஒரு பகுதியில் 1,000 டியூப்லைட் தெருவிளக்குகள் உள்ளன எனக் கொள்வோம். சோக்கும் சேர்ந்து ஒவ்வொன்றும் 55 வாட் இழுக்கிறது. ஆண்டுக்கு 4,000 மணி நேரம் எரிகிறது. அப்படியானால் ஆண்டுச் செலவு 2,20,000 யூனிட். இவற்றுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால் செலவு 80,000 யூனிட். சேமிப்பு 1,40,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 11,20,000 ரூபாய். நிறுவனம் இக்கணக்கைக் காட்டித் தன் பங்கைக் கேட்கும்.

ஆனால் பழைய விளக்குகளுள் 150 விளக்குகள் எரியவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தெருக்களைப் பார்த்தவர்க்கு இது வியப்பாக இராது. எரிந்தவை 850 மட்டுமே. ஆகவே பழைய மின்கட்டணச் சீட்டில் இருந்தது 1,87,000 யூனிட்தான். புதிய செலவு 80,000 போகக் குறைவு 1,07,000 யூனிட். நிறுவனம் கூறும் சேமிப்புக்கும் கட்டணச் சீட்டு கூறும் சேமிப்புக்கும் இடையே 33,000 யூனிட் வேறுபாடு. அதாவது 2,64,000 ரூபாய். மொத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்கு!

யார் சொல்வது உண்மை? இருவர் சொல்வதும் உண்மை. இருண்டு கிடந்த 150 கம்பங்களில் ஒளி ஏற்றியது நிறுவனம். அதற்குக் கூலி கேட்பது முறையே. ஆனால் கருவூலத்தில் மிச்சமானது 1,07,000 யூனிட்டுக்குரிய பணம் மட்டுமே. இல்லாத மிச்சத்திலிருந்து நகராட்சி எப்படிப் பங்கு கொடுக்கும்? இதற்கு விடை ஒப்பந்தத்தில் முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால் அது வழக்காகவோ தணிக்கைத் தடையாகவோ, அல்லது ஓசையின்றிக் கொடுக்கப்படும் மிகைப் பணமாகவோ முடியும்.

பழைய நிலையைக் குறிக்கும் இக்கணக்கை அடிநிலைக் கணக்கு என்போம். அடிநிலை தவறினால் அதன்மேல் எழும் அனைத்தும் தவறும். பழைய விளக்கு ஒருமுறை கழற்றப்பட்டுவிட்டால், அது எரிந்ததா எரியவில்லையா என்று பின்னர் எவரும் கண்டறிய இயலாது. எனவே அடிநிலையை எடுக்க ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அவ்வாய்ப்பு வேலை தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களே.

மழையும் வறட்சியும்

தெருவிளக்கேனும் எளிது. பல இடங்களில் அவை ஏற்கெனவே எல்.இ.டி.யாக மாறிவிட்டன. இனி மிச்சம் பிடிக்க வேண்டியவை நீரேற்று நிலையங்களும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் நம் கல்லூரி போன்ற கட்டடங்களுமே. அங்கே சிக்கல் பன்மடங்காகிறது.

கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் மேலே இருந்தால் மின்செலவு குறையும். கீழே போனால் ஏறும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. 2019 கோடையில் சென்னையும் புறநகரும் குடிநீர் லாரிக்குக் காத்து நின்றன. இரண்டுக்கும் இடைவெளி நான்கே ஆண்டுகள். ஒரு நீரேற்று ஒப்பந்தம் இவ்விரு ஆண்டுகளையும் தன் காலத்துக்குள் கொண்டிருந்தால் என்ன ஆகும்? நல்ல மழைக்குப்பின் நீர்மட்டம் உயர்ந்ததால் குறைந்த செலவைத் தன் சாதனை என்று நிறுவனம் கூறலாம். வறட்சியில் ஏறிய செலவை நிறுவனத்தின் குறை என்று அதிகாரி கூறலாம். இரண்டும் நேர்மையன்று. ஆகவே மாதக் கட்டணத்தை மாதக் கட்டணத்தோடு ஒப்பிடாமல், எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை யூனிட்டில் ஏற்றப்பட்டது என்று கணக்கிட வேண்டும். இதற்கு நீர்மட்டத்தையும் நீரளவையும் விடாது குறித்து வைப்பவர் ஒருவர் வேண்டும்.

மருத்துவமனையில் வேறொரு நுட்பம் உண்டு. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த நெஞ்சக நோய் மருத்துவமனை 1928இல் மருத்துவர் சௌரிமுத்து அவர்களால் தொடங்கப்பெற்றது. தூய காற்றே மருந்து என்று கருதப்பட்ட காலம் அது. இத்தகைய ஒரு மருத்துவமனையில் மின்விசிறிகளும் காற்றுப்போக்கிகளும் ஓடும் நேரத்தைக் குறைத்தால் யூனிட் குறையும். ஆனால் நோயாளியின் காற்றைக் குறைத்து வரும் மிச்சம் மிச்சமாகாது. எனவே எதைச் சேமிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற எல்லையை மருத்துவரோடு கலந்து ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதினால் போதாது, ஆண்டுதோறும் சென்று பார்க்கவும் வேண்டும்.

கையெழுத்திட்டவர் எங்கே?

இவை யாவும் அறிவால் தீரக்கூடியவை. ஒரு நல்ல ஆலோசகரை அமர்த்தினால் போதாதா என்று நண்பர்கள் கேட்கலாம். போதாது என்பதற்குக் காரணம் காலம்.

இத்தகைய ஒப்பந்தங்கள் ஐந்தாண்டு, பத்தாண்டு என நீள்பவை. அமெரிக்க நடுவண் அரசில் 25 ஆண்டு வரை சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஆணையர் மாறுவார்; பொறியாளர் மாறுதலில் போவார்; கணக்கர் ஓய்வு பெறுவார். ஆலோசகர் தம் அறிக்கையைக் கொடுத்துவிட்டு விடைபெறுவார். நான்காம் ஆண்டில் நிறுவனம் தன் சேமிப்பு அறிக்கையோடு வந்து நிற்கும்போது, மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு அந்த ஒப்பந்தம் ஒரு பழைய கோப்பு. நிறுவனத்தின் பக்கத்திலோ அதையே தொழிலாகக் கொண்டவர்கள். இஃது ஒத்த வலிமையுடையோர் பேரமன்று.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். அதிகாரி மட்டுமா மாறுகிறார்? எங்கள் பகுதியில் அலுவலகமே மாறிய கதை உண்டு. ஆலந்தூர் நகராட்சி, 1990களின் இறுதியில், வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை பெற்றுப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மேற்கொண்டு நாடெங்கும் பெயர் பெற்றது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, இயக்கி, பின் ஒப்படைக்கும் நீண்டகால ஒப்பந்தம் அத்திட்டத்தின் ஓர் உறுப்பு. 2011 அக்டோபரில் அந்த நகராட்சியே சென்னை மாநகராட்சியில் கலந்துவிட்டது.

அடுத்துத் தாம்பரம். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. இப்பத்தில் ஒன்று, பேச்சுக்காக, 2016இல் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று செய்திருந்தால், அதன் பாதி வழியில் கையெழுத்திட்ட அமைப்பே மறைந்திருக்கும். சட்டப்படி உரிமையும் கடனும் புதிய மாநகராட்சியைச் சேரும் என்பது உண்மை. ஆனால் அடிநிலைக் கணக்கும், விளக்குப் பதிவேடும், ‘அன்று இப்படித்தான் பேசிக்கொண்டோம்’ என்ற நினைவும் சட்டத்தின் வழியே தாமாக வந்து சேருமா? கோப்பு வரும், நினைவு வராது. நினைவை வைத்திருப்பதற்கு ஓர் அணி வேண்டும். அது எந்த ஒரு நகராட்சியின் எல்லைக்குள்ளும் அடங்காத அணியாக இருத்தல் நலம்.

பிற நாடுகள் கண்ட வழி

இந்த உண்மையை உணர்ந்த நாடுகள் சில. செருமனியின் பெர்லின் நகரம் 1996இல் ஆற்றல் சேமிப்புக் கூட்டாண்மை என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. பள்ளி, அலுவலகம், நீச்சல் குளம் எனப் பல கட்டடங்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து ஒப்பந்தம் கோரினர். நல்ல கட்டடத்தோடு, தனியே விட்டால் எந்த நிறுவனமும் ஏற்காத கட்டடமும் சேர்ந்து கரையேறியது. இவ்வாறு 1,300க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பயன்பெற்றன. இதன் நடுநாயகமாக நின்றது பெர்லின் ஆற்றல் முகமை. ஒவ்வொரு தொகுதிக்கும் அடிநிலை காண்பதிலும், பேரம் பேசுவதிலும், சரிபார்ப்பதிலும் அரசின் பக்கம் நின்றது அதுவே. 2009இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கிய இலண்டன் மாநகரமும் அதற்கெனத் தனிச் செயலாக்கப் பிரிவு ஒன்றை அமைத்தது.

அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டம் நடுவண் அலுவலகங்கள் இவ்வொப்பந்தங்களைச் செய்ய வழிவகுத்தது. அங்கே எரிசக்தித் துறையில் இதற்கென ஒரு பிரிவு உண்டு. அதன் பொது ஒப்பந்தத்தைப் பயன்படுத்தும் அலுவலகம் பயிற்சி பெற்ற வழிகாட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். அங்கும் குறை இல்லாமலில்லை. 2015இல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, கட்டடம் மூடப்பட்டது போன்ற மாறுதல்களுக்குப் பின்னரும் அங்கே சேமிப்புத் தொடர்வதாகச் சில அறிக்கைகள் கணக்குக் காட்டியது தெரியவந்தது. அணி அமைத்த நாட்டிலேயே இப்படியென்றால் அணியே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் செயலகம் நிறுவப்பட்டது. மாநிலந்தோறும் பொறுப்பு அமைப்பு ஒன்று குறிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மின் ஆய்வுத் துறை அப்பொறுப்பை ஏற்றது. 2009இல் அரசுத் துறை நிறுவனங்கள் நான்கு சேர்ந்து எரிசக்தித் திறன் சேவை நிறுவனத்தை உருவாக்கின. அந்நிறுவனம் 2015இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாற்றப்பட்டன. வேகத்தில் இது பெருஞ்சாதனையே. ஆயினும் பல உள்ளாட்சிகள் தவணையைக் காலத்தில் செலுத்தாமல் நிலுவை குவிந்தது. விளக்கு மாற்ற ஆள் இருந்தனர். மாதந்தோறும் சரிபார்த்துப் பில்லை நிறைவேற்ற உள்ளாட்சியில் ஆள் இல்லாமற்போனதும் இந்நிலுவைக்கு ஒரு காரணமாகுமென்று எண்ணுகிறேன். மிச்சமான பணம் வேறு செலவுகளில் கரைந்துவிடுவது மற்றொரு காரணம். சேமிப்பைத் தனிக்கணக்கில் வைத்திருந்தால் இந்நிலை ஏற்பட்டிராது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. பல நகராட்சிகளுக்குப் பொதுவாக நிதியும் நிபுணத்துவமும் தருவதற்கு 1996இலேயே தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும் அதனை நிர்வகிக்க ஒரு நிறுவனமும் தோன்றின. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பொதுவான வல்லுநர் குழு என்பது நமக்குப் புதுமையன்று. அம்மரபை மின் சேமிப்புக்கும் நீட்டினால் போதும்.

அணி எப்படி இருக்க வேண்டும்?

என் கருத்தில் இவ்வணிக்கு நால்வர் இன்றியமையாதவர். மோட்டாரையும் மீட்டரையும் அறிந்த மின்பொறியாளர் ஒருவர். கட்டணச் சீட்டுகளை ஆண்டாண்டாய் அடுக்கி ஒப்பிடவல்ல கணக்கர் ஒருவர். ஒப்பந்தச் சட்டம் கற்றவர் ஒருவர். களத்தில் சென்று அளப்பவர் ஒருவர். இவர்கள் அனைவரும் ஒரே நாளில் மாற்றப்படாதிருக்க வேண்டும். ஒருவர் போகுமுன் அடுத்தவர் வந்து ஓராண்டேனும் உடனிருந்து பழக வேண்டும். அளப்பவரும் பணம் கொடுக்க ஒப்புபவரும் ஒருவராக இருத்தல் ஆகாது. அறிக்கைகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

‘இன்னுமோர் அலுவலகமா? இன்னும் சம்பளச் செலவா?’ என்று கேட்பது இயற்கை. இதற்கும் கணக்கே விடை கூறும். இந்நால்வருக்கும் ஆண்டுச் செலவு 40 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். நாம் மேலே கண்ட 1,000 விளக்குப் பகுதியின் சேமிப்பு 11,20,000 ரூபாய்தான். தனியொரு சிற்றூருக்கு இவ்வணி சுமையே. ஆனால் ஆண்டுக்கு 4 கோடி ரூபாய் சேமிக்கும் ஒரு தொகுப்புக்கு அது பத்தில் ஒரு பங்கு. அடிநிலைத் தகராறு ஒன்றில் மட்டும் சேமிப்பின் கால் பங்கு ஐயத்துக்கு உள்ளாவதைக் கண்டோம். கால் பங்கைக் காக்கப் பத்தில் ஒரு பங்கு செலவிடுவது வீண் செலவாகாது. எனவே அணியைத் தனித்தனி ஊருக்கு அமைக்காமல், தாம்பரம் மாநகராட்சியையும் அதனைச் சுற்றியுள்ள உள்ளாட்சிகளையும் அரசு மருத்துவமனைகளையும் கல்லூரிகளையும் சேர்த்து ஒரு தொகுப்புக்கு ஓர் அணி என அமைப்பதே சிக்கனமாகும். ஆற்றல் மிக்க அணி என்றாலும் நிறுவனங்களோடு பழகிப் பழகி அவர்கள் பக்கம் சாயும் இடர் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பொதுத் தணிக்கையும் வெளிப்படையான பதிவேடும் அதற்கு ஓரளவு மருந்தாகும்.

முடிவுரை

வினைக்கு உரியவரைத் தேர்ந்து அமர்த்துவதற்கென்றே வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். நாமோ கருவியைத் தேர்வதில் காட்டும் அக்கறையை, அக்கருவியைக் காப்பவரைத் தேர்வதில் காட்டுவதில்லை. எல்.இ.டி. விளக்கும் புதிய மோட்டாரும் கடையில் கிடைக்கும். அவை எவ்வளவு மிச்சப்படுத்தின என்று பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் சான்றோடு கூறவல்ல அரசு அணி கடையில் கிடைக்காது. அதனை வளர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அவ்வணிக்கு நாளை செல்லப் போகிறவர்கள் இன்று நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். இயற்பியல் மாணவர் மீட்டரைப் படிக்கலாம். பொருளியல் மாணவர் கட்டணச் சீட்டுகளை அடுக்கலாம். புள்ளியியல் மாணவர் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பக் கணக்கைத் திருத்தலாம். முதற்படியாக, நம் கல்லூரியின் கடந்த மூன்று ஆண்டு மின்கட்டணச் சீட்டுகளைத் திரட்டி, எத்தனை விளக்கு, எத்தனை விசிறி, எவை ஓடின, எவை ஓடவில்லை என்று துறைவாரியாக ஓர் அடிநிலைப் பதிவேடு எழுத முதல்வர் அவர்களும் பேராசிரியப் பெருமக்களும் இசைவு தர வேண்டுகிறேன். நாளை எந்த நிறுவனம் எந்த ஒப்பந்தத்தோடு நம் வாயிலில் வந்து நின்றாலும், பழைய நிலை இதுதான் என்று எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு பதிவேடு இருக்கும்.